ஏ.எல்.எஸ். நோயாளிக்கு மூச்சுத் துணைக் கருவி: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ.எல்.எஸ். என்றும் மோட்டார் நியூரான் நோய் என்றும் சொல்லப்படும் நோய் என் அப்பாவுக்கு வந்திருப்பதை அவருடைய 64ஆம் வயதில் அறிந்தோம். அவர் சிவகாசியில் ஈய எழுத்துகளை அடுக்கும் அச்சுக்கோப்பாளராக வேலையைத் தொடங்கி, ஆஃப்செட் வந்த பிறகு பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த இரண்டரை ஆண்டுகளில் மூச்சுக் கருவி தொடர்பாக நாங்கள் எடுத்த முடிவுகளும், எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகளும், பின்னர் இதே நோயுள்ள மற்றக் குடும்பத்தார் என்னிடம் கேட்டவையும் சேர்ந்ததே இந்தக் கேள்வி பதில். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். மருந்தின் அளவையும் கருவியின் அழுத்தத்தையும் உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் எதையெல்லாம் கேட்டுத் தெளிவது என்பதற்கு இது பயன்படலாம்.

கேள்வி: கை கால்தானே தளர்கிறது, மூச்சு ஏன் பாதிக்கப்படுகிறது? இது நுரையீரல் நோயா?

நுரையீரலில் நோய் எதுவும் இல்லை. நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்ற தசை கீழிறங்கி நுரையீரலை விரிக்கிறது. கையை அசைக்கும் தசையைப் போலவே இதற்கும் நரம்புச் செல்களிலிருந்துதான் கட்டளை வர வேண்டும். அந்தச் செல்களே இந்நோயில் மடிகின்றன. தசை தளரத் தளர ஒவ்வொரு மூச்சின் அளவும் குறைகிறது, உடலில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு முழுவதும் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கத் தொடங்குகிறது. இந்நோயில் பெரும்பாலான மரணங்களுக்கு மூச்சுத் தசை தளர்வதே காரணம் என்பதால், கை கால்களைப் பற்றிய கேள்விகளை எல்லாம்விட மூச்சைப் பற்றிய இந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும். நடைமுறையில் எல்லாக் குடும்பங்களும் இதைக் கடைசிக்குத் தள்ளுகின்றன; நாங்களும் தள்ளினோம்.

கேள்வி: மூச்சுத் தசை தளர்வதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் மூச்சு வாங்குவதாகச் சொல்லவே இல்லையே?

சொல்ல மாட்டார்கள். நடமாட்டம் குறைந்துவிட்டவருக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு வேலையே இல்லை. அதனால் முதல் அறிகுறிகள் உறக்கத்தில்தான் தெரியும்: மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை ஒன்றுக்கு இரண்டாக அடுக்கக் கேட்பது, இரவில் அடிக்கடி விழித்துக்கொள்வது, கெட்ட கனவுகள், காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் செய்தித்தாளை மடியில் வைத்தபடியே தூங்கி விழுவது. அப்பாவுக்கு இவை அத்தனையும் இருந்தன. காலைத் தலைவலிக்கு நாங்கள் ஆறு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழ வேண்டும். அது உள்வாங்கினால் உதரவிதானம் வேலை செய்யவில்லை என்று பொருள். பேச்சு தெளிவாக இருப்பவர் என்றால், ஆழ்ந்து மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்லி, எத்தனை வரை வருகிறது என்பதை வாரம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். 30 வரை எண்ணியவர் 20க்கும் 15க்கும் இறங்கினால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். நாக்கும் தொண்டையும் தளர்ந்தவருக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பகலில் 96, 97 என்று காட்டுவதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது ஆக்சிஜனைக் காட்டுகிறதே ஒழிய, தேங்கும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது. அதற்குத் தமனி இரத்தப் பரிசோதனை வேண்டும். நுரையீரல் மருத்துவர் ஊதச் சொல்லும் கருவியில் மூச்சுக் கொள்ளளவு, அதே வயதும் உயரமும் உள்ளவருக்கு இருக்க வேண்டிய அளவில் 50 விழுக்காட்டுக்குக் கீழ் போவதும், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏறுவதும், இரவில் ஆக்சிஜன் 88 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கிச் சில நிமிடங்கள் அங்கேயே நிற்பதும் கருவியைத் தொடங்குவதற்கான வழக்கமான அளவுகோல்கள். மேலே சொன்ன உறக்க அறிகுறிகள் இருந்தால் இந்த எண்கள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை என்பதே இப்போதைய மருத்துவ நடைமுறை.

கேள்வி: கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் இருக்கிறது. அதையே வைக்கலாமா?

மருத்துவர் சொல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள். இங்கே குறைபாடு காற்றை உள்ளே தள்ளும் விசையில்தான்; ஆக்சிஜனில் அல்ல. ஆக்சிஜனை மட்டும் கூட்டினால் ஆக்ஸிமீட்டரின் எண் அழகாக ஏறும், ஆனால் மூச்சு விடத் தூண்டும் உந்துதல் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு மேலும் தேங்கி, நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்துவிடக் கூடும். நிமோனியா போன்ற நேரங்களில், மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் பைபாப் கருவியுடன் இணைத்து மருத்துவர் ஆக்சிஜன் கொடுப்பது வேறு. தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: எங்கள் முன்னால் உள்ள வழிகள் எவை?

மூன்று. முகத்தில் மாஸ்க் மாட்டி, பைபாப் என்ற கருவியால் காற்றை அழுத்தத்துடன் உள்ளே அனுப்புவது முதல் வழி. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் நேரடியாகக் குழாய் செருகி வென்டிலேட்டருடன் இணைக்கும் ட்ரக்கியாஸ்டமி இரண்டாவது. கருவி எதுவும் வேண்டாம், மூச்சுத்திணறலை மருந்தாலும் பராமரிப்பாலும் தணித்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. முதல் வழிக்குச் சரி என்றவர் இரண்டாவதற்கும் சரி என்றதாக ஆகாது. இவை தனித்தனி முடிவுகள். மருத்துவமனைகளிலேயே இது குழப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ‘வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா’ என்று ஒரே கேள்வியாக யாராவது கேட்டால், எந்த வென்டிலேட்டர் என்று திருப்பிக் கேளுங்கள்.

உதரவிதானத்துக்கு மின்தூண்டல் கொடுக்கும் பேஸ்மேக்கர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே இறந்தார்கள். அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பைபாப் வைத்தால் எவ்வளவு காலம் கூடும்?

இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லா மருத்துவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். தொண்டைத் தசைகள் மிகவும் தளராதவர்களில், கருவி வைத்துக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள் மற்றவர்களைவிட 205 நாட்கள், அதாவது ஏறத்தாழ ஏழு மாதம், கூடுதலாக இருந்தது. இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் ரிலுசோல் மாத்திரை கூட்டித் தருவதாகக் கணக்கிடப்படும் இரண்டு மூன்று மாதங்களுடன் ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. பேச்சும் விழுங்குதலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆனால் உறக்கம் போன்ற சிலவற்றில் சுகம் கிடைத்தது.

ஒரு குடும்பத்துக்குக் கண்ணெதிரே தெரிவது ஆயுள் கணக்கு அல்ல. அப்பா மாஸ்க் மாட்டிக்கொண்டு முழு இரவும் தூங்கிய முதல் நாளுக்கு மறுநாள் காலையில், நாளிதழின் தலையங்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருப்பதைக் கண்ணால் காட்டினார். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் தலைப்பைத் தாண்டிப் படிக்க அவரால் விழித்திருக்க முடிந்ததில்லை.

கேள்வி: எந்தக் கருவியை வாங்குவது? சீபாப் என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறதே?

சீபாப் குறட்டையும் உறக்க மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கானது. ஒரே அழுத்தத்தில் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவி அது. தளர்ந்த தசையால் அந்த அழுத்தத்தை எதிர்த்து மூச்சை வெளியே விடுவதே பாரமாகிவிடும். எங்களுக்கு ஒரு விற்பனையாளர் முதலில் தந்தது சீபாப்தான். ‘இரண்டும் ஒன்றுதான், சார்’ என்றார். நான்கு இரவு அப்பா பட்ட அவதியைப் பார்த்து, அவருக்குக் கருவி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது அதைவிடக் குறைந்த அழுத்தமும் தருவது பைபாப். அதிலும் நோயாளி மூச்சை இழுக்கத் தவறினால் தானாகவே மூச்சு கொடுக்கும் வசதி உள்ள எஸ்.டி. வகையா என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: மாஸ்கைப் போட்டால் கழற்றச் சொல்லி அடம்பிடிக்கிறார். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்தினால் அத்துடன் முடிந்தது. முதல் வாரம் பகலில், அவர் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது பத்து நிமிடம் மட்டும், பட்டையை மாட்டாமல் கையால் முகத்தோடு பிடித்துக் காட்டுங்கள். பிறகு கால் மணி, அரை மணி என்று கூட்டி, அதன் பிறகே இரவுக்குப் போக வேண்டும். அழுத்தத்தையும் மருத்துவர் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார். மூக்கை மட்டும் மூடுவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது, மூக்குத் துளையில் பொருந்துவது என்று மாஸ்கில் பல வகை உண்டு. மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகத் தொடங்கினால் பட்டையைத் தளர்த்துங்கள். இரண்டு வகைகளை மாற்றி மாற்றிப் போடுவதும் உதவும். காற்று கசியும் என்று பட்டையை மேலும் இறுக்குவதுதான் வீட்டில் எல்லோரும் செய்யும் தவறு.

தன் கையால் மாஸ்கைக் கழற்ற முடியாதவருக்கு, வாந்தி வந்தாலோ சளி அடைத்தாலோ உடனே கழற்ற ஒருவர் அதே அறையில் இருந்தாக வேண்டும். லேசாகத் தொட்டாலே ஒலிக்கும் அழைப்பு மணியை, அசையும் ஏதாவது ஒரு விரலின் கீழோ கன்னத்தின் அருகிலோ வைத்துவிடுங்கள்.

கேள்வி: எச்சிலும் சளியும் தொண்டையில் நிற்கும்போது பைபாப் பயன்படுமா?

சிரமம்தான். ஒழுகும் எச்சிலைக் குறைக்க மருந்துகள் உண்டு. வாயிலிருந்து உறிஞ்சி எடுக்கச் சிறிய சக்ஷன் இயந்திரம் வேண்டும். ஆழத்தில் இருக்கும் சளியை வெளியேற்ற, இருமலுக்குப் பதிலாகக் காற்றை உள்ளே தள்ளி உடனே இழுக்கும் காஃப் அசிஸ்ட் என்ற கருவி இருக்கிறது. பைபாபைவிடப் பல மடங்கு விலை. அது வாய்க்காதவர்களுக்கு, கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் அம்பு பை (Ambu bag) கொண்டு இரண்டு மூன்று மூச்சை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நிறைத்து, பிறகு வயிற்றை அழுத்தி இரும வைக்கும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார்.

உணவுக்காக வயிற்றில் குழாய் பொருத்துவதாக இருந்தால் மூச்சுக் கொள்ளளவு 50 விழுக்காட்டுக்குக் கீழே போகும் முன்பே செய்துவிடுவது பாதுகாப்பு. மூச்சு தளர்ந்த பிறகு அந்தச் சிறிய சிகிச்சையே ஆபத்தானதாகிவிடும்.

கேள்வி: ட்ரக்கியாஸ்டமி செய்தால் வீட்டு வாழ்க்கை எப்படி மாறும்?

எங்கள் வீட்டில் செய்யவில்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்து பார்த்தேன். இரும்புக் கட்டில், அதன் தலைமாட்டில் வென்டிலேட்டர், பக்கத்து ஸ்டூலில் சக்ஷன் இயந்திரம், எவர்சில்வர் தட்டில் கையுறைப் பெட்டி, மெல்லிய உறிஞ்சு குழாய்கள், சலைன் புட்டி. கழுத்துக் குழாயில் சளியின் கரகரப்பு கேட்டதும் அந்த வீட்டம்மா பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு எழுந்து, கையுறை மாட்டி, வென்டிலேட்டர் இணைப்பைக் கழற்றி, குழாயை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்து, மீண்டும் இணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நான் இருந்த எட்டு மணி நேரத்தில் பதினொரு முறை இது நடந்தது. இரவிலும் அப்படித்தான் என்றார். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாக வெளியூர் போனதில்லை.

அந்த மனிதர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பேத்தியின் பள்ளிக்கூடக் கதையைக் கண் விரியக் கேட்டார். கருவி மூச்சை மட்டும்தான் காப்பாற்றும், நோய் தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். கையும் முகமும் அசைவற்றுப்போய், கடைசியாகக் கண் அசைவு ஒன்றே எஞ்சும். நீண்ட காலம் வாழ்பவர்களில் சிலருக்கு அதுவும் நின்றுவிடுகிறது. ஆகவே இரவு பகலாக முறை வைத்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற இரண்டு பேராவது உண்டா, ஆண்டுக் கணக்கில் தாங்கும் பணம் உண்டா, எந்த நிலை வந்தால் அவர் நிறுத்திக்கொள்ள விரும்புவார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கழுத்தில் துளை போடச் சம்மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இந்நோயோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாரே?

வாழ்ந்தார். 1963இல், 21 வயதில் நோய் கண்டறியப்பட்டு 2018 மார்ச்சில் இறந்தார். ஆனால் இளம் வயதில் தொடங்கி மிக மெதுவாக நகர்ந்த, அரிதான வகை அவருடையது. நோய் தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்பதே பெரும்பாலோரின் கணக்கு. பத்து ஆண்டுகளைத் தாண்டுபவர்கள் பத்தில் ஒருவர் அளவே. ஹாக்கிங்கின் கதையில் நமக்கு உதவும் பகுதி 1985இல் நடந்தது. ஜெனீவாவுக்குப் போயிருந்தபோது நிமோனியா வந்து வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் அவர் மனைவி ஜேனிடம் கேட்டனர். அவர் மறுத்து, கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அங்கே ட்ரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. ஹாக்கிங் குரலை இழந்தார், 33 ஆண்டுகளைப் பெற்றார். அதன் பிறகு இரவும் பகலும் செவிலியர்கள் உடனிருக்க வேண்டியிருந்தது. அந்தச் செவிலியர்களை நீக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

ஜப்பானில் ட்ரக்கியாஸ்டமியை ஏற்றுக்கொள்பவர்களின் விகிதம் மேற்கு நாடுகளைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே அரசுக் காப்பீடும் பராமரிப்பாளர் சேவையும் செலவில் பெரும் பகுதியைத் தாங்குகின்றன. யசுஹிகோ ஃபுனாகோ என்ற ஏ.எல்.எஸ். நோயாளி 2019இல் அந்நாட்டு நாடாளுமன்ற மேலவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் ஊரில் அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தோளில்தான் விழுகிறது.

கேள்வி: முடிவை யார் எடுப்பது? அப்பாவிடம் சொன்னால் மனம் உடைந்துவிடுவாரே?

எங்கள் வீட்டிலும் இதைத்தான் சொன்னார்கள். பெரியப்பா, அத்தை, மாமா என்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து விவாதித்தபோது, அடுத்த அறையில் தெளிந்த அறிவோடு அப்பா படுத்திருந்தார். உடல் அசையாதவருக்குக் காதும் கேட்காது என்று நாம் எப்படியோ நினைத்துக்கொள்கிறோம். அவருடைய மூச்சு, அவரைத்தான் கேட்க வேண்டும். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், ‘மேற்கொண்டு என்ன வரும் என்று டாக்டர் சொன்னதைத் தெரிந்துகொள்ள விருப்பமா?’ என்று தொடங்கலாம். வேண்டாம் என்றால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சீக்கிரம் செய்ய இரண்டு காரணங்கள் உண்டு. இந்நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஓரளவு மாற்றம் வருகிறது. சிலருக்கு அது மறதிநோயாகவே முற்றுகிறது. இன்னொரு காரணம் பேச்சு போய்விடுவது.

பேச்சு போன பின் நாங்கள் எழுத்துப் பலகைக்கு வந்தோம். 18 மெய்யெழுத்துகளையும் வரிசைக்கு மூன்றாக ஆறு வரிசை எழுதி வைத்து, நான் வரிசை எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கண்சிமிட்டுவார். பிறகு அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதற்கு ஒரு சிமிட்டல். உயிரெழுத்துக்குத் தனியாக 12 வரை எண்ணினால் நேரமாகும் என்று மெய்யை மட்டும் வைத்தே சொல்லை ஊகிப்போம். இளமை முழுதும் எழுத்துப் பெட்டியின் அறைகளில் கை பழகியவர் என்பதால் அவர் என்னைவிட வேகம். ஒருநாள் கழுத்துத் துளையைப் பற்றிக் கேட்டபோது வ, ண, ட, ம என்று நான்கு எழுத்து வந்தது. எழுதிவிட்டுப் பார்த்தால், அது ‘வேண்டும்’ என்றும் இருக்கலாம், ‘வேண்டாம்’ என்றும் இருக்கலாம். மூன்றாவது எழுத்துக்கு மட்டும் உயிரைக் கேட்டேன். ஒன்று தாண்டி, இரண்டில் சிமிட்டினார். அன்றிலிருந்து மேலே பார்த்தால் வேண்டும், கண்ணை இறுக மூடினால் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் இந்தக் குறியைப் பேச்சு இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அந்த ‘வேண்டாம்’ என்பதையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அம்மா தூங்க வேண்டும் என்று எழுத்துக் கூட்டினார். பிறருக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக மறுப்பவரின் மறுப்பு, வாழ விருப்பமில்லை என்பதாகிவிடாது. ‘பணமும் ஆளும் ஒரு பிரச்சினையே இல்லை என்றால்?’ என்று மாற்றிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, தானாகவே என்னைப் பார்த்துக் கண்ணை இறுக மூடினார். மனச்சோர்வு இருப்பதாகத் தோன்றினால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பக் கேட்பதும் முறை. நேற்றைய விடை இன்றைக்கு மாறலாம்.

கேள்வி: அவ்வளவு அவசரம் என்ன? நிலைமை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

நிலைமை பெரும்பாலும் நள்ளிரவில் வருகிறது. சாதாரணச் சளி ஒன்று போதும். திணறத் தொடங்கியதும் 108 வரும், அவசரப் பிரிவில் வாய்வழியாகக் குழாய் போடுவார்கள். உயிரைக் காப்பது அவர்கள் கடமை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஏ.எல்.எஸ். முற்றியவர் அந்தக் குழாயிலிருந்து விடுபட்டுத் தானாக மூச்சு விடுவது கடினம். பத்துப் பதினைந்து நாளில், தொண்டைக் குழாயை இனியும் வைத்திருக்க முடியாது, ட்ரக்கியாஸ்டமிக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். யாரும் தேர்ந்தெடுக்காமலே பலர் இந்த வழியில்தான் கழுத்துத் துளைக்கு வந்து சேர்கிறார்கள். முடிவெடுக்காமல் இருப்பவருக்காக ஐ.சி.யூ. முடிவெடுக்கிறது.

எனவே நோயின் பெயர், பைபாப் அழுத்த எண்கள், ஆக்சிஜன் மட்டும் கொடுக்க வேண்டாம் என்ற குறிப்பு, குழாய் போடலாமா கூடாதா என்பதில் நோயாளியின் முடிவு, பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை மருத்துவரின் கையொப்பத்துடன் ஒரே தாளில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். வீட்டுக் கருவியையும் மாஸ்கையும் ஆம்புலன்சிலேயே உடன் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஒருமுறை தொடங்கிவிட்டால் சட்டப்படி நிறுத்தவே முடியாதா?

முடியும். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றுக்கொண்டது. அதில் சொல்லியிருந்த நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அது எளிதாக்கப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தன் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் குறிப்பிடலாம். தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் இருப்பவருக்கு உயிர்காக்கும் கருவியை நிறுத்த, மருத்துவமனை அமைக்கும் முதல் மருத்துவக் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியின் பிரதிநிதி இடம்பெறும் இரண்டாம் குழுவும் ஒப்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.

காகிதத்தில் இருப்பது இது. எல்லா மருத்துவமனையும் இதற்குப் பழகியிருக்கவில்லை. ட்ரக்கியாஸ்டமிக்குச் சம்மதிக்கும் முன்பே, பின்னால் நிறுத்த வேண்டும் என்று அவர் விரும்பினால் இங்கே செய்வீர்களா என்று அந்த மருத்துவமனையில் நேராகக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கருவி வேண்டாம் என்றால் திணறித் திணறித்தான் இறப்பாரா?

இந்தப் பயத்தால்தான் பல குடும்பங்கள் விருப்பமில்லாமலே கழுத்துத் துளைக்குச் சம்மதிக்கின்றன. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 171 நோயாளிகளின் கடைசி நாட்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், மிகப் பெரும்பாலோர் அமைதியாகவே இறந்திருந்தார்கள்; தொண்டை அடைத்து இறந்தவர் ஒருவர்கூட இல்லை. கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட உறக்கம் ஆழமாகி, அதிலிருந்து விழிக்காமல் போவதே வழக்கம். இடையில் வரும் திணறலுக்கும் பதற்றத்துக்கும் குறைந்த அளவு மார்ஃபின் நன்றாகக் கேட்கிறது. மார்ஃபின் என்றதும் பதற வேண்டாம். சரியான அளவில் அது ஆயுளைக் குறைப்பதில்லை. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டதிலிருந்து அதை வைத்திருக்க மருத்துவமனைகளுக்கு முன்பிருந்த பல உரிமங்கள் தேவையில்லை. வலி தணிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனையோடு தொடர்பைக் கடைசி வாரத்தில் தேடாமல், பைபாப் தொடங்கும்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்சாரம் போனால்?

இரவில் மட்டும் கருவி தேவைப்படும் காலத்தில் ஓர் இன்வெர்ட்டர் போதும். பகலும் இரவும் தேவைப்படும் நிலை வந்ததும், உள்பேட்டரி உள்ள கருவி, இன்வெர்ட்டர், கைக்கு எட்டும் தூரத்தில் அம்பு பை என்று மூன்றடுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இரண்டாவது கருவியும் வேண்டும். மெயினை நீங்களே அணைத்துவிட்டு, கருவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு பகலில் சோதித்துக் குறித்து வையுங்கள். ஈரமூட்டியை அணைத்தால் இன்னும் சற்று நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே சொல்லும்படி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கடிதம் கொடுக்கலாம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே, ஜெனரேட்டர் உள்ள இடத்துக்கு அவரை மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: நாங்கள் எடுத்த முடிவு சரிதானா என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன சொல்வது?

அவர் சொன்னதைச் செய்தோம் என்று சொல்லுங்கள். சொன்னதை எழுதியும் வைத்திருந்தால் தாளைக் காட்டலாம். எங்கள் அத்தை அந்தத் தாளைப் படித்துவிட்டும் ஓராண்டு என்னோடு பேசவில்லை.

கேள்வி: எல்லாம் முடிந்த பிறகு கருவியை என்ன செய்வது?

அடுத்தவருக்குக் கொடுங்கள். மாஸ்க், காற்றுக்குழாய், வடிகட்டி, ஈரமூட்டியின் நீர்க்கலம் ஆகியவற்றை அகற்றிவிட்டு, புதியவற்றை வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். கருவியில் பதிந்திருக்கும் அழுத்த எண்கள் உங்கள் வீட்டு நோயாளிக்கானவை. பெற்றுக்கொள்பவர் தம் மருத்துவரிடம் காட்டி மாற்றிய பிறகே முகத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, கருவியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். அப்பாவின் கருவி இப்போது மூன்றாவது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.